வெண்சுண்ணமும் மஞ்சட்காவியும்

உதகமண்டலத்தில் ஓர் அறைக்கு நிறம் பூசப் புகுவோர்க்கு முதற்கண் எழும் ஐயம், வெண்சுண்ணமோ மஞ்சட்காவியோ என்பதாம். குளிர்நாட்டிற்கு மஞ்சளே தக்கதென்பார் பலர். வெண்மை கண்ணுக்கே குளிரும் என்பது அவர் கூற்று. இஃது ஒருபுடை உண்மையே. ஆயினும் சுவரை மட்டும் நோக்கி நிறத்தைத் துணிதல் சாலாது. அறையுட் புகும் ஒளியையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.

இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடபாலே நிற்கும். வடக்குச் சாளரத்தில் வெயில் சிறிதேனும் நுழையத்தக்க காலம் அதுவே. அந்தோ! சூன் திங்களிலேயே தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் வந்து அதனை மறைத்துவிடுகின்றன. எனவே வடக்கு நோக்கிய அறை ஆண்டின் பெரும்பகுதி வானொளியையே நம்பியிருக்கும். அவ்வொளி சற்றே நீலச்சாயலுடையது. அதில் வெண்சுவர் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும். மஞ்சட்காவியோ நீலக்கூற்றை உட்கொண்டு எஞ்சியதையே திருப்புதலின், அறை இளவெயில் பட்டதுபோல் விளங்கும். ஆனால் அங்ஙனம் உட்கொள்ளப்படுவதும் ஒளியே அன்றோ? பகலிலேயே விளக்கை நாடும் மாணாக்கனுக்கு அவ்விழப்புச் சிறிதன்று. புதுச்சுண்ணமோ தன்மேற் படும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பியளிக்கும். வெம்மை கருதி மஞ்சளை விரும்புவோர்க்கு ஒன்று கூறுவாம்: காவி பூசியதனால் அறையின் குளிர் ஒரு பாகையும் குறைவதில்லை.

இரண்டும் தம்முட் பகையல்ல. காவி இரும்புக் கலப்புடைய மண்ணாதலின் சுண்ணத்தின் காரத்தால் அழியாது; செடிகொடிகளின் சாயங்கள் பல அழியும். அக்காரமே ஈரச்சுவரிற் பூஞ்சை படர்தலையும் தடுக்கும். வாடைக்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில், அரசியின் உறையுளைக் கூறும் நக்கீரர், பூசிய சுதைக்கு வெள்ளியையும் நெடுஞ்சுவருக்குச் செம்பையும் உவமையாக்கினார். குளிர்காலத்து அறையில் அவர் ஒன்றை வேண்டி மற்றொன்றை விலக்கவில்லை.

ஆகலின் வடக்கு நோக்கிய படிப்பறைக்கு மேற்றளமும் சாளரத்தை அடுத்த சுவர்களும் வெண்மையாக இருத்தலே நன்றென்பது எம் கருத்து. கணப்படுப்புள்ள சுவர் ஒன்றற்குக் காவி போதும். இரவில் விளக்கொளியில் அதன் அழகு சிறக்கும். கலவையை முதலில் ஒரு முழ அளவே பூசிப் பார்த்தல் வேண்டும். ஈரத்தில் ஆழ்ந்து தோன்றும் காவிச்சுண்ணம் உலர்ந்தபின் மிக வெளிறும். ஆதலால் முற்றும் உலர்ந்தபின், பனி மூடிய பகலில் ஒருமுறையும் விளக்கேற்றிய பின் ஒருமுறையும் நோக்கியே அளவைத் துணிக.