நீர்த்தாவர மீன் தொட்டி: அமைத்தலும் பராமரித்தலும்

கண்ணாடித் தொட்டியில் நீர்த்தாவரங்களையும் சிறு மீன்களையும் ஒருங்கே வளர்த்தல் கண்ணுக்கு இனிய பொழுதுபோக்காகும். பயிர்ச்செய்கையில் ஈடுபட்டோருக்கு இது முற்றிலும் புதிய கலையன்று. மண், நீர், ஒளி, பசளை ஆகிய நான்கையும் அளவறிந்து பயன்படுத்தும் கமக்காரர், பிறரினும் எளிதாக இதிற் கைதேரலாம். எனினும், வயலுக்குப் பொருந்தும் பழக்கங்கள் சில தொட்டிக்குக் கேடு விளைப்பன. தொட்டியிலிருந்து வெளியேறும் பொருள்கள் சில வயலுக்குக் கேடு விளைப்பன. இவ்விரண்டும் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

தொட்டியும் அது வைக்கப்படும் இடமும்

தொடக்கத்திற் சிறு தொட்டியை வாங்குதல் சிக்கனமெனப் பலர் எண்ணுவர். இது தவறு. நீர் குறைவாயின் அதன் வெப்பமும் தூய்மையும் விரைவில் மாறும்; ஒரு சிறு பிழையும் மீன்களைக் கொல்லும். 90 சதமமீற்றர் நீளமும் 35 சதமமீற்றர் அகலமும் 40 சதமமீற்றர் உயரமும் கொண்ட தொட்டி, மண்ணும் மேல் இடைவெளியும் நீங்க, ஏறத்தாழ 100 லீற்றர் நீரைக் கொள்ளும். முதன்முறை அமைப்போருக்கு இதுவே தக்க அளவாகும்.

நீரும் மண்ணும் நிரம்பிய இத்தொட்டியின் நிறை 150 கிலோகிராமுக்கு மேற்படும். ஆதலின், இரண்டு மூன்று நெல்மூடைகளைத் தாங்கவல்ல உறுதியான மேசையே வேண்டும். மேசையின் மேற்பரப்பு நீர்மட்டத்தாற் சரிபார்க்கப்படல் வேண்டும். தொட்டியின் அடியில் மெல்லிய ரெஜிபோம் தகடொன்றை விரித்தால், மேசையின் சிறு மேடுபள்ளங்களாற் கண்ணாடி வெடித்தல் தவிர்க்கப்படும். நேர்வெயில் படும் யன்னலோரம் ஏற்றதன்று. அங்கு நீர் சூடேறுவதோடு பாசியும் பெருகும். நீர் நிரப்பிய பின் தொட்டியை நகர்த்தலாகாது.

மண்ணும் மணலும்

அடிப்படையாக 2 சதமமீற்றர் தடிப்பிற்குச் சல்லடையில் அரித்த இருவாட்டி மண்ணைப் பரப்பலாம். அண்மையிற் கிருமிநாசினியோ களைகொல்லியோ தெளிக்கப்பட்ட வயலின் மண்ணை ஒருபோதும் எடுத்தலாகாது. பயிருக்குத் தீங்கு செய்யாத அளவு நஞ்சும் மீனைக் கொல்லப் போதுமானது. பச்சை எருவோ பசளையோ கலந்த மண்ணும் ஆகாது. இம்மண்ணின்மீது நன்கு கழுவிய பரும்படியான ஆற்றுமணலை முன்புறம் 3 சதமமீற்றரும் பின்புறம் 5 சதமமீற்றருமாகச் சரிவாக இடுதல் வேண்டும். கழுவிய நீர் தெளிந்து வரும்வரை மணலைக் கழுவுதல் அவசியம்.

கடற்கரை மணலிலுள்ள சிப்பித்தூளும் முருகைக்கல்லும் நீரின் வன்மையைக் கூட்டும். கல்லொன்று சுண்ணாம்புக் கல்லோ என்பதை அறிய, அதன்மீது சில துளி வினாகிரியை விடுதல் வேண்டும். நுரைத்துப் பொங்குமாயின் அது சுண்ணாம்புக் கல்லாகும்.

நீர்

குழாய்நீரிலுள்ள குளோரீன் மீனின் பூக்களைப் பழுதாக்கும். அந்நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலக்கீழ்நீர் சுண்ணாம்புப் பாறையிற் தங்கியிருப்பதால் வன்மை மிக்கது. கப்பி, பிளற்றி, மொலி ஆகிய மீன்கள் வன்னீரில் நன்கு வாழும். ஈரவலய ஓடைகளுக்குரிய மீன்களோ மென்னீரை விரும்புவன. அவற்றை வளர்க்க விரும்புவோர் தூய மழைநீரைச் சேமித்துக் கிணற்றுநீருடன் கலந்து பயன்படுத்தலாம்.

நீரை ஊற்றும்போது மணலின்மீது ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்ல வார்த்தால் மண் கலங்காது.

தாவரங்களை நடுதல்

உயர்ந்து வளர்வன பின்புறத்திலும் குட்டையானவை முன்புறத்திலும் நடப்படல் வேண்டும். நாடாப் போன்ற நீண்ட இலைகளையுடைய வலிசுனேரியாவும் தண்டு நீளும் ஐதரில்லாவும் பின்வரிசைக்கு ஏற்றன. நெளிந்த இலையையுடைய கொட்டியினம் ஒன்றிரண்டை நடுவிடத்தில் நாட்டலாம். முன்வரிசைக்குக் கிரிப்ரோகொரைன் இனங்கள் சிறந்தவை. உலகெங்கும் மீன் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படும் கிரிப்ரோகொரைன் இனங்கள் பல இலங்கைக்கே உரியவை. அவற்றுட் சில இயற்கையில் அருகிவருவதால், ஓடைகளிலிருந்து பிடுங்காது, நாற்றுமேடைகளில் வளர்க்கப்பட்டவற்றையே வாங்குதல் வேண்டும்.

நடுகை முறை நாற்று நடுகையை ஒத்தது. அழுகிய வேர்களைக் களைந்து, நீண்ட வேர்களைச் சிறிது கத்தரித்து, வேர் மட்டும் மண்ணுட் செல்லுமாறும் குருத்து மணலுக்கு மேலிருக்குமாறும் நடுதல் வேண்டும். குருத்து புதையுமாயின் செடி அழுகும். கிரிப்ரோகொரைன் இடம் மாற்றி நட்ட சில நாட்களில் தன் இலைகளையெல்லாம் இழப்பதுண்டு. செடி இறந்ததெனக் கருதி அதனைப் பிடுங்கலாகாது. வேர் உயிருடனிருப்பின் சில வாரங்களிற் புதிய இலைகள் தோன்றும்.

வெள்ளொளி தரும் எல்.ஈ.டி. விளக்கை நாள்தோறும் எட்டு மணி நேரம் எரியவிடுதல் போதுமானது. பாசி மிகுமாயின் முதலில் ஒளியின் நேரத்தைக் குறைத்தல் வேண்டும்.

மீன்களை விடுமுன் பொறுத்திருத்தல்

தொட்டி அமைத்த அன்றே மீன்களை விடுதல் பெரும்பாலோர் செய்யும் பிழையாகும். தெளிந்த நீர் யாவும் தூய நீரன்று. இதன் காரணத்தைக் கமக்காரர் எளிதில் உணரலாம்.

வயலில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாக மாறுகின்றது. பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் இதுவே நிகழ்கின்றது. மீன்கள் தம் பூக்களின் வழியே அமோனியாவை வெளிவிடுகின்றன; எஞ்சிய உணவும் கழிவும் அழுகுவதாலும் அது தோன்றுகின்றது. அமோனியாவும் நைத்திரைற்றும் மீன்களுக்குக் கொடிய நஞ்சுகளாம். நைத்திரேற்றோ சிறிதளவில் தீங்கற்றது. தாவரங்களுக்கு அது உணவுமாகும். புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதியளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். காரத்தன்மை மிக்க வன்னீரில் அமோனியாவின் நஞ்சு மேலும் கூடுமாதலால், சுண்ணாம்பு நிலப்பகுதியினர் இதிற் கூடிய கவனஞ் செலுத்துதல் வேண்டும்.

ஆகவே, செடிகளை நட்டபின் ஒரு மாதமேனும் பொறுத்திருந்து, வாரத்திற்கு இருமுறை நீரின் ஒரு பகுதியை மாற்றிவருதல் நன்று. மீன் கடைகளிற் கிடைக்கும் சோதனைத் துளிமருந்துகளினால் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென உறுதிசெய்த பின், முதலில் நான்கைந்து மீன்களை மட்டும் விடுதல் வேண்டும். ஏனையவற்றை இரு வார இடைவெளிகளிற் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

செடிகள் செழிக்கவேண்டுமென்று யூரியாவையோ பயிர்ப் பசளைகளையோ தொட்டியிலிடுதல் அறவே கூடாது. ஒரு சிட்டிகை யூரியாவும் ஓரிரு நாட்களில் மீன்கள் அனைத்தையும் மாய்க்கக்கூடும்.

மீன்களைத் தெரிதல்

ஒன்றையொன்று தாக்காது, ஒரே வகை நீரை விரும்பும் மீன்களே ஒரு தொட்டியில் வாழத்தக்கன. 100 லீற்றர் தொட்டிக்கு, முழு வளர்ச்சியில் 4 அல்லது 5 சதமமீற்றர் நீளமாகும் சிறு மீன்கள் பன்னிரண்டு போதுமானவை.

வன்னீராயின் கப்பியும் பிளற்றியும் ஏற்றவை. ஆண் மீனொன்றிற்குப் பெண் மீன் இரண்டாக விடுதல் நன்று. இவை குட்டியீனும் மீன்களாதலால் எண்ணிக்கை விரைவிற் பெருகும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

மென்னீராயின் செரி பாப் சிறந்தது. இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய இச்சிறு மீனின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் செக்கச்சிவந்து காணப்படும். நிழலும் அடர்ந்த செடிகளும் இதற்கு விருப்பமானவை. தொட்டிகளில் இனப்பெருக்கப்பட்டவற்றையே வாங்குதல் வேண்டும், ஓடைகளிற் பிடித்தலாகாது.

பொன்மீன் செடிகளைத் தின்று மண்ணைக் கிளறும். திலாப்பியாவும் விராலும் சிறு மீன்களை விழுங்கும். இவை இத்தொட்டிக்கு உரியனவல்ல.

வாங்கிவந்த மீன்களை இரண்டு வாரம் வேறொரு பாத்திரத்தில் வைத்து நோயுண்டோவெனக் கவனித்தல் வேண்டும். பின்னர் மீனுள்ள பையைத் தொட்டிநீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டிநீரைப் பையிற் கலந்து, மீன்களை மட்டும் வலையால் எடுத்து விடுதல் வேண்டும்.

நாளாந்தப் பராமரிப்பு

உணவு: நாளொன்றிற்கு ஒருமுறை அல்லது இருமுறை, இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கக்கூடிய அளவே இடுதல் வேண்டும். சோறு, பாண் ஆகியவை நீரைப் பழுதாக்கும். நுளம்புக் குடம்பிகள் சிறந்த உணவாம். வாரத்தில் ஒருநாள் உணவிடாது விடுதல் தீங்கன்று. நோயால் இறப்பனவற்றிலும் மிகையுணவினாற் கெட்ட நீரில் இறக்கும் மீன்கள் பலவாம்.

வடிகட்டி: காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டி மலிவானதும் போதுமானதுமாகும். பஞ்சிலே பயன்தரும் பற்றீரியாக்கள் வாழ்வதால், அதனைக் குழாய்நீரில் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிதல் வேண்டும். மின் தடைப்படும்போது நீர் பின்னோக்கி வழியாதிருக்கப் பம்பியை நீர்மட்டத்திற்கு மேல் வைத்தல் அவசியம். தொட்டியினுட் கையை இடுமுன் மின்னிணைப்புகள் யாவற்றையும் துண்டித்தல் வேண்டும்.

நீர் மாற்றல்: வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை இறப்பர்க் குழாயால் அடியிலிருந்து உறிஞ்சியெடுத்து, அதேயளவு புதுநீரை நிரப்புதல் வேண்டும். முழு நீரையும் ஒருங்கே மாற்றலாகாது. வெளியெடுத்த நீரில் நைத்திரேற்று உண்டாதலால், அதனைக் கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளுக்கு ஊற்றினாற் பயிர் பயனடையும்.

குறிகளை அறிதல்

அதிகாலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து திணறுமாயின், ஒட்சிசன் குறைந்துள்ளதென்றோ அமோனியா மிகுந்துள்ளதென்றோ கொள்ளலாம். இரவிற் செடிகளும் ஒட்சிசனை உட்கொள்வதே காலையில் அது குறைவதற்குக் காரணம். உடனே மூன்றிலொரு பங்கு நீரை மாற்றிக் காற்றூட்டலைக் கூட்டுதல் வேண்டும்.

முதிர்ந்த இலைகள் மஞ்சளாகுமாயின் நைதரசன் குறைவென்றும், இளங்குருத்து வெளிறுமாயின் இரும்புச்சத்துக் குறைவென்றும் கருதலாம். நெல்லிலும் மரக்கறியிலும் காணும் குறிகளும் இவையே. இக்குறையை நீக்க மீன் தொட்டிகளுக்கென விற்கப்படும் திரவ உரத்தையே குறித்த அளவில் இடுதல் வேண்டும்.

வயலையும் குளத்தையும் காத்தல்

இதுவே இப்பிரசுரத்தின் தலையாய பகுதியாகும். அழகிற்காகவும் ஆய்விற்காகவும் கொண்டுவரப்பட்ட நீர்த்தாவரங்கள் இந்நாட்டு விவசாயத்திற்கு விளைத்த தீங்கு சிறிதன்று. ஆற்றுவாழை அழகிய மலருக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுள், 1909இல், அதனை ஒழிப்பதற்கெனவே சட்டமொன்று இயற்றவேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் ஆய்விற்காகக் கொண்டுவரப்பட்டது. 1950களில் அது இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களிற் பரவி நின்றது. இக்களைக்கு விதை வேண்டியதில்லை. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதிய செடியாகும். 1986இல் இதனைத் தின்னும் கூன்வண்டு விடப்பட்ட பின்னரே பலவிடங்களில் இக்களை தணிந்தது.

நத்தைகளும் இத்தகையனவே. தென்னமெரிக்காவைச் சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தை 1980ஆம் ஆண்டளவில் ஆசியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, பிலிப்பைன்சு, வியட்நாம் முதலிய நாடுகளின் வயல்களிற் பரவி, இளநாற்றுகளைத் தின்று பெருநட்டம் விளைத்தது. நீர்மட்டத்திற்கு மேலே கொத்தாக ஒட்டப்பட்ட இளஞ்சிவப்பு முட்டைகளால் அதனை அறியலாம். ‘தொட்டி துப்புரவாக்கி’ என விற்கப்படும் கவச மீன்களும் தொட்டிகளிலிருந்து வெளியேறி இந்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே நிலைபெற்றுள்ளன.

எனவே, கழித்த செடிகளை வாய்க்காலிலோ குளத்திலோ வீசுதல் அயலவரின் வயலிற் களை விதைத்தலுக்கு ஒப்பாகும். அவற்றை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே கூட்டெருவில் இடுதல் வேண்டும். வெளியேற்றும் நீரைத் துணியால் வடித்து, மேட்டுநிலப் பாத்திகளுக்கு மட்டும் ஊற்றுதல் வேண்டும். வேண்டாத மீன்களைக் குளத்தில் விடாது, வளர்ப்போருக்கோ கடைக்காரருக்கோ கொடுத்துவிடல் வேண்டும். வாங்கிய செடிகளில் நத்தையும் முட்டையும் உண்டோவெனப் பார்த்து நீக்கிய பின்னரே நடுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. சிறு தொட்டியிலும் பெரிய தொட்டியே எளிதிற் பராமரிக்கத்தக்கது.
2. நஞ்சு தெளித்த நிலத்து மண் ஆகாது, யூரியாவும் ஆகாது.
3. செடி நட்டு ஒரு மாதத்தின் பின்னரே மீன் விடுதல் வேண்டும்.
4. உணவு குறைவாகவும் நீர் மாற்றல் ஒழுங்காகவும் இருத்தல் வேண்டும்.
5. தொட்டியிலுள்ள செடியோ மீனோ நத்தையோ வாய்க்காலையும் குளத்தையும் அடைதலாகாது.