நாற்பத்திரண்டு வயதில் பி.ஏ.

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே சுரங்கம் தோண்டித் தங்கம் எடுத்தார்கள். சுரங்க வேலைக்காகப் பல தமிழ்க் குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஊரில் வேலை இல்லை. மக்கள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூருக்குப் போய் வேலை செய்கிறார்கள். இரவு வீடு திரும்புகிறார்கள்.

அந்த ரயிலில் போகும் ஒரு பெண்ணின் கதை இது. ரயிலில் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அக்காவின் அப்பா சுரங்கத் தொழிலாளி. அப்பாவுக்கு வேலை போன அதே ஆண்டில் அக்கா பி.யு.சி. தேறினார். தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பதை அங்கே பி.யு.சி. என்பார்கள். கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லை. படிப்பு நின்றது. திருமணம் நடந்தது. ஒரு மகள் பிறந்தாள். பிறகு கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்யும் வேலை. பதினாறு ஆண்டுகளாக அதே நாற்காலி.

ஒரு நாள் அங்கே மேற்பார்வையாளர் இடம் காலியானது. அந்தப் பகுதியின் வேலை முழுவதும் அக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்துக்குப் பட்டம் வேண்டும் என்றார்கள். அக்காவிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அது போனது. அந்தப் பெண்ணுக்கு வயது 24. அவர் மேல் அக்காவுக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் சொன்னாள்: "அம்மா, இப்போ வீட்டிலிருந்தே பி.ஏ. படிக்கலாம். செல்போன் போதும்."

கல்லூரிக்குப் போகாமல் பட்டம் படிப்பது நம் நாட்டில் புதிது அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. 1982இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் டெல்லியில் தொடங்கியது. அப்போதெல்லாம் பாடப் புத்தகம் தபாலில் வரும். இப்போது பாடம் இணையத்தில் வருகிறது. 2017இல் மத்திய அரசு 'ஸ்வயம்' என்ற இணையக் கல்வித் தளத்தைத் தொடங்கியது. அதில் தனித்தனிப் பாடங்களைக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் முழுப் பட்டப் படிப்பையே இணையத்தில் நடத்துகின்றன. அங்கீகாரம் உள்ள இணையவழிப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம். இதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவாக அறிவித்தது.

அங்கீகாரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அக்கா ஏமாற இருந்தது அங்கேதான்.

பங்காருப்பேட்டையில் ஒரு தரகர் இருந்தார். "ஒரே வருஷத்தில் பி.ஏ. வாங்கித் தருகிறேன். நீங்கள் படிக்கவே வேண்டாம். 35,000 ரூபாய் கொடுங்கள்" என்றார். அக்கா சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். மகள் தடுத்தாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளத்தைத் திறந்து காட்டினாள். எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை இணையத்தில் நடத்தலாம் என்ற பட்டியல் அதில் இருந்தது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருந்தது. தரகர் சொன்ன பெயர் முதல் பட்டியலில் இல்லை. ஒரே ஆண்டில் பி.ஏ. முடிக்க இந்தியாவில் வழியே கிடையாது. சேர்க்கையைப் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்த வேண்டும் என்பது விதி. தரகர் கையில் பணம் கொடுக்கத் தேவையே இல்லை.

அக்கா அங்கீகாரம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் மானியக் குழுவின் தளத்தில் தன் பெயரைப் பதிந்து ஓர் அடையாள எண் பெற்றார். 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேர இந்த எண் வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. கல்லூரிக் கட்டணத்தைத் தவணையில் கட்டினார்.

சேர்வது எளிதாகத்தான் இருந்தது. படிப்பதுதான் எளிதாக இல்லை.

பாடங்கள் வீடியோவாக வந்தன. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் ஓடும். இரவு சப்பாத்தி போடும்போது அக்கா போனை அலமாரியில் சாய்த்து வைப்பார். வீடியோ ஓடும். முடிந்ததும் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழும். ஒரு மாதத்தில் நாற்பது பச்சைக் குறிகள். அக்காவுக்குப் பெருமை. பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்தார். வீடியோ ஓடி முடிந்தது என்பதைத்தான் அந்தக் குறி சொல்லும். பாடம் மனதில் ஏறியதா என்று அதற்குத் தெரியாது.

பிறகு ஒப்படைப்பு எழுதும் நாள் வந்தது. பல்கலைக்கழகம் கேள்விகள் கொடுக்கும். மாணவர் பதில் எழுதி அனுப்ப வேண்டும். 100 மதிப்பெண்ணில் 30 இதற்கு. 70 தேர்வுக்கு. கடைசி நாள் 30ஆம் தேதி. நள்ளிரவு 12 மணிக்குப் பக்கம் மூடிவிடும். அக்கா கடைசி நாள் இரவுதான் உட்கார்ந்தார். கேள்வியைப் படித்தார். நாற்பது வீடியோ பார்த்தும் ஒரு வரி எழுத வரவில்லை. புத்தகத்தைப் புரட்டி எப்படியோ எட்டுப் பக்கம் எழுதினார். தாள்களைப் போட்டோ எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். ஏற்றினால் 'அளவு அதிகம்' என்று வந்தது. அளவைக் குறைக்கத் தெரியவில்லை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வெட்கம். மணி 12 ஆனது. பக்கம் மூடியது.

அந்தப் பருவத்தில் வரலாற்றுத் தாளில் அக்கா தோற்றார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் தோற்றால் பக்கத்தில் இன்னொருவர் தோற்றிருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து அழலாம், சேர்ந்து சிரிக்கலாம். இணையப் படிப்பில் அது இல்லை. போனில் ஓர் எண் வரும். அதைப் பார்த்துவிட்டுச் சமையலுக்குப் போக வேண்டும். வயது வந்த பிறகு படிக்க வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். மூளை குறைவு என்பதால் அல்ல. பேச ஆள் இல்லை என்பதால்.

பத்து நாள் கழித்து மகள் கண்டுபிடித்தாள். திட்டவில்லை. "அம்மா, நீ பாடம் படிக்கலை. பாடத்தை ஓட விட்டுட்டு வேலை பார்த்தே" என்றாள். பிறகு இருவரும் கணக்குப் போட்டார்கள்.

பல்கலைக்கழகப் பாடத்தைக் 'கிரெடிட்' என்ற அளவில் சொல்வார்கள். தொலைநிலை, இணையவழிப் படிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். ஒரு பருவத்துக்கு ஐந்து தாள். மொத்தம் 600 மணி நேரம். ஆறு மாதத்தில் 26 வாரம். வாரத்துக்கு 23 மணி நேரம் படிக்க வேண்டும். அக்கா அதுவரை படித்தது வாரம் ஐந்து மணி நேரம்கூட இருக்காது. அதுவும் சப்பாத்தியோடு.

23 மணி நேரத்துக்கு எங்கே போவது? ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஆறு நாளைக்கு 24 மணி நேரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாலையில் மாலூர் வரை நிற்கத்தான் இடம் இருக்கும். காலையில் மட்டும் இடம் உண்டு. மாரிகுப்பத்தில்தானே ரயில் புறப்படுகிறது! ஆகவே காலையில் எழுதுவது, மாலையில் காதில் கேட்பது என்று முடிவு செய்தார்கள். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அதனால் பாடத்தை முந்தின இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்வார். அப்படியும் நேரம் போதாது. ஆகவே இரண்டு தாள்களின் தேர்வை அடுத்த முறைக்குத் தள்ளினார். மூன்று ஆண்டுப் படிப்பை முடிக்கப் பல பல்கலைக்கழகங்கள் ஆறு ஆண்டு வரை அவகாசம் தருகின்றன. அவசரப்பட்டுத் தோற்பதைவிட இது மேல்.

அக்கா இப்போது வீடியோவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துவார். கேட்டதை நோட்டில் தன் சொல்லில் தமிழில் எழுதுவார். பிறகு ஆங்கிலப் புத்தகத்தில் அதே பகுதியைப் படிப்பார். ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணும். பரவாயில்லை. ஒப்படைப்பைக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே அனுப்பிவிடுவார். பிடிஎஃப் அளவைக் குறைக்க மகளிடம் கற்றுக்கொண்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு. அவர்கள் தெருவில் தண்ணீர் வருவதும் அப்போதுதான். முதல் பருவத்தில் அக்கா குடத்தோடு நின்றார். இப்போது கணவர் நிற்கிறார். "எத்தனை குடம்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு சமூகவியல் வகுப்பு. மக்கள் ஏன் ஊரை விட்டுக் குடிபெயர்கிறார்கள் என்று ஆசிரியர் கேட்டார். அக்கா அதுவரை வகுப்பில் வாய் திறந்தது இல்லை. ஆங்கிலம் தடுமாறும். இளம் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற பயம். அன்று மைக்கைத் திறந்தார். தங்கள் ஊரில் குடிபெயர்வது குறைவு, தினமும் போய்த் திரும்புகிறவர்களே அதிகம் என்றார். ஏன் பெங்களூரிலேயே தங்கவில்லை என்று ஆசிரியர் கேட்டார். வாடகை கட்டுப்படி ஆகாது, சுரங்கக் காலத்து வீடு இருக்கிறது, வயதான அம்மா இருக்கிறார் என்றார் அக்கா. "இதையே ஒப்படைப்பில் எழுதுங்கள்" என்றார் ஆசிரியர். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வேறு ஊரிலிருந்து ஒரு மாணவி அக்காவின் எண்ணைக் கேட்டு வாங்கினார். அவருக்கு வயது 38. இப்போது இருவரும் வாரம் ஒரு நாள் போனில் பாடம் பேசுகிறார்கள்.

வரலாற்றுத் தாளை அக்கா மறுபடி எழுதித் தேறினார். பட்டத்துக்கு இன்னும் மூன்று பருவம் இருக்கிறது. மேற்பார்வையாளர் இடம் மறுபடி எப்போது காலியாகும் என்று தெரியாது.

ரயிலில் பக்கத்தில் உட்காரும் பெண் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறார். அக்கா நோட்டைப் பார்த்து அவருக்குப் பாடம் சொல்வார். அவருக்குப் புரிந்தால் தனக்கும் புரிந்தது என்று அக்கா வைத்துக்கொள்வார். ஒரு நாள் அந்தப் பெண் கேட்டார்: "அக்கா, நான் ஒன்பதாவதோட நின்னுட்டேன். எனக்கு இதெல்லாம் கிடைக்குமா?"

அக்கா விசாரித்து வந்து சொன்னார். நேராகப் பி.ஏ. சேர முடியாது. முதலில் பத்தாவது, பிறகு பன்னிரண்டாவது தேற வேண்டும். அதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989இல் தொடங்கியது. பதினான்கு வயதுக்கு மேல் யாரும் பத்தாவதுக்குச் சேரலாம். மேல் வயது வரம்பு இல்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் பிறப்புச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

சேர்ந்து பேசுங்கள்

தரகர் சொன்னதில் எந்தெந்தச் சொற்கள் சந்தேகம் தர வேண்டும்?

முதல் பருவத்தில் அக்கா மகளை எழுப்பியிருக்கலாமா? ஏன் எழுப்பவில்லை?

நான்கு தாள், ஒவ்வொன்றும் நான்கு கிரெடிட். 26 வாரத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? கணக்குப் போடுங்கள். உங்கள் நாளில் அந்த நேரம் எங்கே இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.