ஓட்டத்துக்குத் தாங்கும் பை

கேள்வி: வேளச்சேரியிலிருந்து தரமணியில் உள்ள அலுவலகத்துக்குத் தினமும் ஓடியே போகிறேன். லேப்டாப், மாற்று உடை, டிபன் பாக்ஸ் எல்லாம் முதுகில்தான். பையின் தோள்பட்டை அடிக்கடி பிய்ந்துவிடுகிறது. உழைக்கும் பையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: நடக்கும்போது பை தோளில் தொங்குகிறது, ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் துள்ளி விழுகிறது. அந்த இழுப்பு முழுவதும் பட்டை பையோடு சேரும் தையலில்தான் இறங்கும். எனவே கடையில் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். ஒற்றைத் தையல் போதாது. நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் அடித்த தையல் வேண்டும்.

துள்ளலைக் குறைக்க மார்புப் பட்டை, இடுப்புப் பட்டை இரண்டும் அவசியம். கொள்ளளவு 15 முதல் 20 லிட்டர் போதும். பெரிய பையில் சாமான் ஆடும். துணி 210 டெனியருக்குக் குறையாத நைலானாக இருக்கட்டும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்கட்டும். லேப்டாப்பை நீர்புகா உறையில் போட்டே வையுங்கள், மழையைப் போலவே வியர்வையும் உள்ளே இறங்கும்.

வாங்கும் முன் அதே சுமையைப் போட்டு, கடையிலேயே குதித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை பட்டைகளைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். லேப்டாப்பை அலுவலகத்திலேயே வைக்க முடிந்தால், பையோடு உங்கள் தோளும் பிழைக்கும்.