மலையடி ஆறுகளைத் தேடி: மம்சாபுரம் வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். சுற்றிலும் ஓடுபவை காட்டாறுகள். மழை பெய்தால்தான் தண்ணீர். ஆகவே டிக்கெட்டுக்கு முன்னால் மழையைப் பாருங்கள்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பக்கத்துக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை ஓய்ந்ததும் வந்தால் தண்ணீரும் இருக்கும், வெயிலும் உறைக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் பாறைதான் மிச்சம். ஆனால் ராஜபாளையத்தில் சப்பட்டை மாம்பழம் கிடைக்கும். அருவியும் மாம்பழமும் ஒரே பயணத்தில் அமைவது அபூர்வம்.

2. வந்து சேருங்கள்

சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்களிலும் நிற்கும். விமானத்தில் வருபவர்கள் மதுரையில் இறங்கலாம். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து ராஜபாளையம் பஸ் உண்டு. சொந்த வண்டி என்றால் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை (எண் 744). தங்குவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டு ஆற்றோரங்கள்

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவி. வழியிலுள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நகரின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. அதனால் ஆற்றில் சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. மீன்வெட்டிப்பாறை அருவியும் காட்டழகர் கோயிலும் இந்தப் பக்கம்தான். போகவர ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள்; திரும்பும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

4. காட்டில் நடப்பது

இந்தக் காடு, சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம்; 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. யானை நடமாடும் இடம். காலையில் போய், வெயில் தாழும் முன் இறங்கிவிடுங்கள்.

மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கவட்டையில் பந்து போல இலையும் குச்சியும் திரண்டிருந்தால் அது அணில் கூடு. தரையில் இறங்காமல் மரம் விட்டு மரம் தாவத்தான் அணில் அப்படிப்பட்ட இடத்தைத் தேடுகிறது.

5. வெள்ளத்தின் அறிகுறி

அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டலாம். தெளிந்த நீர் திடீரெனச் செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், துணிமணியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

6. அனுமதி கிடைக்காத நாளில்

பலத்த மழைக்குப் பிறகு வனத்துறை தடை போடுவது வழக்கம். அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தைப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பால்கோவாவை ரயில் ஏறும் நாளன்று வாங்குங்கள். நாள்பட்டால் ருசி போய்விடும்.