கப்பலை விட்டு இறங்கிய பிறகு

எலவனாசூர்கோட்டை,
மார்கழி.

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு பயணத் திட்டங்களையும் உன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரி விடாமல் படித்தேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், இறங்கியதும் வழிகாட்டியோடு ஒரு வாரம் இலங்கை. கடல் தாண்டிப் போகப்போகிறோம் என்று கேட்டதிலிருந்து அவள் முகமே மாறிவிட்டது. உன் அப்பா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து திறந்து பார்க்கிறார். அவர்களை அழைத்துப் போகவேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்கு நிறைந்த சந்தோஷம். அதனால்தான், எந்தத் திட்டத்தை எடுப்பது என்று நீ கேட்டதற்குப் போனில் நாலு வார்த்தை சொல்லி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொகுசுக் கப்பலை நீ விட்டது சரி. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் கார்டிலியாவின் எம்ப்ரஸ் கப்பல் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. அதில் அறை, சாப்பாடு, பாட்டு, கூத்து எல்லாம் கப்பலுக்குள்ளேயே கிடைத்துவிடும். துறைமுகத்தில் இறங்கினால் சில மணி நேரம்தான். அதற்குள் பார்த்துவிட்டு வந்து ஏறிவிட வேண்டும். கடலில் மிதப்பதே இன்பம் என்பவர்களுக்கு அது நல்ல பயணம். ஆனால் திருகோணமலைக் கோணேசர் சந்நிதியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க உன் அம்மாவால் ஆகாது.

நாகைக் கப்பல் அப்படியல்ல, அது அக்கரை சேர்ப்பதற்கு மட்டும். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடல். நாலு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கி, வடகிழக்குப் பருவமழையால் சில நாட்களிலேயே நின்றுபோனது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் ஓடியது. இந்தத் தேதிகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்றும் அலையும் சரியில்லையென்றால் அந்தக் கப்பல் புறப்படாது, புறப்படவும் கூடாது. நீ கப்பல் சீட்டை ஓரிடத்தில் வாங்குகிறாய். இலங்கைச் சுற்றுலாவை வேறொருவரிடம் வாங்குகிறாய். கப்பல் நின்றுவிட்டால் ஒருவர் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவார். இன்னொருவர், "நீங்கள் வரவில்லையே, வண்டி காத்திருந்ததே" என்பார். அக்காலத்தில் எழும்பூரில் ஒரே சீட்டு எடுத்தால் கொழும்புக் கோட்டை வரை போகலாம். தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1914இல் தொடங்கிய அந்த ஏற்பாடு 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு போய்விட்டது. ஒரே சீட்டு என்றால் பொறுப்பும் ஒருவருக்குத்தான். இப்போது அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை நீதான் எழுதி வாங்க வேண்டும். கப்பல் ஒருநாள் தள்ளிப்போனால் சுற்றுலாவும் ஒருநாள் தள்ளிப்போகுமா? கப்பல் ரத்தானால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் வந்து சேர்ந்துகொள்ள ஒத்துக்கொள்வார்களா? வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சலில் வரட்டும்.

மாசிக் கடைசியில் போங்கள். அப்போது கடலும் அடங்கியிருக்கும், மலையிலும் மழை குறைவு. முதல்நாளே நாகைக்குப் போய்த் தங்கிவிடுங்கள். நம் ஊரிலிருந்து விடியற்காலையில் கிளம்பிக் கப்பலைப் பிடிப்பது வேண்டாத பரபரப்பு. நீலாயதாட்சியைக் கும்பிட்டுவிட்டுக் கடலில் இறங்குவது உன் அம்மாவுக்கும் பிடிக்கும்.

இனித் திட்டங்களுக்கு வருகிறேன். முதல் திட்டத்தில் பார்க்கும் இடங்கள் நிறைய, விலையும் குறைவு. அதை எடுக்க உனக்கு ஆசை என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. அதில் இடங்களை எண்ணாதே, படுக்கைகளை எண்ணு. இறங்கிய அன்றே அனுராதபுரம், அடுத்து சிகிரியா, கண்டி, நுவரெலியா, கதிர்காமம், கொழும்பு. ஒவ்வோர் இரவும் ஒரு விடுதி. ஒவ்வொரு காலையும் பெட்டி கட்ட வேண்டும், மாத்திரை டப்பாவைத் தேட வேண்டும், ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் திணிக்க வேண்டும். சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்குக் களைப்பு தெரியாததற்குக் காரணமே படுக்கை மாறாததுதான். தரையில் இறங்கியதும் அந்தச் சௌகரியம் போய்விடுகிறது. வயதானவர்களோடு தரைச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விடுதி நட்சத்திரமும் சாப்பாட்டுப் பட்டியலும் பிறகு.

இரண்டாவது திட்டத்தில் யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு, திருகோணமலையில் இரண்டு, கண்டியில் இரண்டு, பிறகு கொழும்பை அடுத்த கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு விமானம். மூன்றே படுக்கை. வடக்கே இறங்கித் தெற்கே ஏறுவதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. விலை கூடத்தான். இருந்தாலும் இதையே எடு. உன் அம்மாவின் முழங்கால் என்ன நிலையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். சிகிரியாவில் ஆயிரத்து இருநூறு படி. அவள் கீழே வெயிலில் உட்கார்ந்திருக்க, நீ மேலே ஏறிப் படம் எடுத்து என்ன செய்யப்போகிறாய்?

தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதே, வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கேள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் நீ சின்ன வயதில் எத்தனை தடவை வாந்தி எடுத்திருக்கிறாய்! கண்டியிலிருந்து நுவரெலியா எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அதுவும் நம் கல்வராயன் மலைச் சாலை மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிற வழி, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல், ஆனால் சமதரை. அதில் உன் அப்பா தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு எதற்கு என்று கேட்டிருக்கிறாய். முதல் திட்டக்காரருக்கு யாழ்ப்பாணம் மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தும் இடம். அதை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் போகிற ஒரு தமிழ்க் குடும்பம் நல்லூர்க் கந்தன் வாசலில் நிற்காமல், பொது நூலகத்தைப் பார்க்காமல் அனுராதபுரத்துக்கு ஓடுவதா? 1981இல் ஏறத்தாழ தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்து நிற்கிற கட்டடம் அது. நீ புத்தகம் படிக்கிற பெண். அந்தப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டை இருக்கிறது. கீரிமலைக் கேணி இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்க்கக் குறிகட்டுவான் துறையில் படகு ஏற வேண்டும். படகுக்குள் இறங்குவதற்கு உன் அம்மாவுக்குக் கை கொடுக்க யாராவது வருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வை. ஆடி, ஆவணியில் வரும் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். அப்போது போக ஆசையென்றால் விடுதியை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. நடுநாட்டின் பாடல் பெற்ற தலங்கள் 22இல் பெரும்பாலானவற்றை உன் அம்மா பார்த்துவிட்டாள். ஈழத்தில் பாடல் பெற்றவை இரண்டே இரண்டு: திருகோணமலையும் திருக்கேதீச்சரமும். இரண்டாவது திட்டத்தில் திருக்கேதீச்சரம் இல்லை. அது மன்னார்ப் பக்கம்; யாழ்ப்பாணத்திலிருந்து போய்வர ஒரு பகல் முழுவதும் ஆகும். திட்டத்தில் இருக்கிற கசூரினா கடற்கரையை எடுத்துவிட்டு அந்த நாளை இதற்குத் தரச்சொல். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்துவதற்குள் போய்ச்சேர வேண்டும். கோயில் நேரம் தெரியாமல் திட்டம் போடுகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் காட்டுவார்கள்.

விடுதியைவிட முக்கியம் வழிகாட்டி. நம் கிராம அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். சுவரில் இருப்பது சோழர் காலத்து எழுத்து, அதில் நம் ஊருக்குப் பெயர் இறையானரையூர் என்று யாராவது சொன்னால் அதே ஆட்கள் அரைமணி நேரம் நின்று தடவிப் பார்க்கிறார்கள். சொல்ல ஆள் இல்லாத இடத்தில் கல் வெறும் கல்தான். இலங்கையில் வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் தருகிறது. நாடு முழுவதும் அழைத்துப்போக உரிமம் பெற்றவர்கள் உண்டு, ஒரு வட்டாரத்துக்கு மட்டும் பெற்றவர்கள் உண்டு, வண்டியும் ஓட்டி விளக்கமும் சொல்பவர்கள் உண்டு. நீங்கள் மூன்று பேர்தான். ஓட்டுநரே வழிகாட்டியாக இருப்பது போதும், செலவும் குறையும். ஆனால் அவர் வண்டியிலேயே உட்கார்ந்துவிடாமல் கோயிலுக்குள் கூட வருவாரா, தமிழில் பேசுவாரா என்று கேள். உனக்கு ஆங்கிலம் போதும். உன் அப்பாவுக்கு ஒவ்வொன்றையும் நீ திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் நீ எதையும் பார்க்க மாட்டாய். பணம் கட்டுமுன் அந்த ஆளிடமே ஒருமுறை போனில் பேசிவிடு. ஐந்து நிமிடப் பேச்சில் பொறுமை உள்ளவரா என்று தெரிந்துவிடும்.

கடைகளில் நிறுத்துவதைப் பற்றியும் பேசி வை. மாத்தளைப் பக்கம் வாசனைப் பொருள் தோட்டம், கண்டியில் ரத்தினக்கல் கடை என்று கூட்டிப்போவார்கள்; விற்றால் அவர்களுக்குக் கமிஷன். ஒன்றிரண்டு பரவாயில்லை. திட்டத்தில் எழுதாத கடை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பு இல்லை. சாப்பாட்டில் மரக்கறி என்று கேட்டாலும் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமையில் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் உன் அம்மா ஒரு வாரம் புலம்புவாள்.

கண்டியிலிருந்து ஒரு பகல் மலையகம் போவதாக இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை, அருவி, காட்சிமுனை. அந்த மலைகளில் காடு வெட்டிக் காப்பியும் தேயிலையும் நட்டவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், நம் தென்னாற்காடு ஜில்லா என்று இங்கிருந்து போனவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலேயே காய்ச்சலில் செத்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல் அவர்கள் வந்து இருநூறு ஆண்டு என்று மலையகத்தார் நினைவுகூர்ந்தார்கள். இதை அறிந்து சொல்லக்கூடிய வழிகாட்டி கிடைத்தால் அந்தப் பகல் ஒன்றே பயணத்துக்குப் போதும். ஆனால் சில திட்டங்களில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளைப் பார்ப்பது என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதே. யாராவது அழைத்தால் உள்ளே போ, டீ குடி, பேசு. அழைக்காத வீட்டு வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதே. அவர்கள் நமக்கு உறவுக்காரர்கள்.

பணத்தைச் சென்னையிலேயே அலுவலகம் உள்ள நிறுவனத்திடம் கட்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் எதிராளியின் முகவரி கொழும்பில் மட்டும் இருந்தால் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? வெளிநாட்டுத் தொகுப்புச் சுற்றுலாவுக்கு விலையோடு ஒரு வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைத்துவிடாதே. காப்பீடு எடுக்கும்போது உன் அப்பாவின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுது. மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் ஒரு ரூபாய் வராது.

இறங்கிய அன்று எதுவும் வேண்டாம். சிலருக்குக் கடல் ஆட்டம் தரைக்கு வந்த பிறகும் தலையில் இருக்கும். குளித்து, சாப்பிட்டு, சாயங்காலம் முடிந்தால் நல்லூர். மறுநாள் காலையிலிருந்து வழிகாட்டி வந்தால் போதும் என்று சொல்லிவிடு.

பொங்கலுக்கு வரும்போது நிறுவனத்தார் தந்த பதில்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வா, பெரிய எழுத்தில். உன் அப்பா போனில் படிக்க மாட்டார். அம்மாவுக்கு நடக்க இதமான செருப்பு ஒன்றும் வாங்கி வா. அதை இரண்டு மாதம் இங்கேயே போட்டு நடந்து பழகட்டும்.

அன்புடன்,
உன் பெரியம்மா