கணினிக் கோப்புகளுக்குப் பேக்கப்: புதுச்சேரி வீட்டுக்கு எது ஒத்துவரும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊரை ஒட்டிக் கரை கடந்தது. மறுநாள் காலைக்குள் 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் இறங்கி மக்களை மீட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். கணினியின் சிபியு தரையில் இருந்தது. அதிலிருந்து ஒழுங்காக எடுத்துவைத்த பேக்கப் ஹார்ட் டிஸ்க், அதே மேசையின் கீழ் டிராயரில் இருந்தது. இரண்டும் சேர்ந்தே நனைந்தன. பத்து வருஷத்துப் படங்களோடு, அப்பா பேசிய இரண்டு ஒலிப்பதிவுகளும் போயின.

அன்றிலிருந்து, பேக்கப் பற்றி யார் கேட்டாலும் எத்தனை டெராபைட், என்ன விலை என்று நான் ஆரம்பிப்பதில்லை. இந்தப் பிரதி எதற்குத் தப்பும், எதோடு சேர்ந்து போகும் என்றுதான் கேட்கிறேன். கோப்புகளுக்கு வரும் கேடு நாலு வகை. டிஸ்க் தானாகச் செத்துப்போவது ஒன்று, கை தவறி அழித்துவிடுவது இன்னொன்று. 2017 மே மாதம் உலகை ஆட்டிய வானாக்ரை மாதிரி, வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது மூன்றாவது. நாலாவது, வெள்ளம், தீ, திருட்டு என்று வீட்டுக்கே வருவது. இந்த நாலையும் தாங்குகிற ஒரே பொருள் கடையில் கிடையாது.

முதல் இரண்டு கேட்டுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கே போதும். கொள்ளளவுக்கு விலை மலிவு, இன்டர்நெட் வேண்டாம். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின் இரண்டும் கோப்பின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைப்பதால், போன வாரம் தப்பாகத் திருத்திய கணக்கைக்கூட மீட்கலாம். ஆனால் அதை எப்போதும் செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். பேக்கப் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புக் காற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கு கேட் கீல் துருப்பிடிக்கும் வேகம் தெரியும். யூஎஸ்பி முனையும் உலோகம்தான். மூடி இறுக்கமான டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, பரணிலோ பீரோவின் மேல் தட்டிலோ வையுங்கள்.

எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், தினமும் பையில் கொண்டுபோக நல்லது. ஆனால் மின்னேற்றமாகத்தான் அது தகவலைப் பிடித்துவைக்கிறது. ஆண்டுக்கணக்கில் எதிலும் செருகாமல், நம் ஊர் வெயிலில் பீரோவுக்குள் கிடந்தால் அந்த ஏற்றம் கசிந்து போகலாம். எடுத்து வைத்துவிட்டு மறக்கப் போகிறீர்கள் என்றால் பழைய மாதிரி சுழலும் டிஸ்க்கே மேல். பென் டிரைவ், ஜெராக்ஸ் கடைக்குக் கோப்பு கொண்டுபோக மட்டும். டிவிடியில் 4.7 ஜிபிதான் அடங்கும், அதைப் போடப் புது லேப்டாப்பில் இடமும் இல்லை.

வீட்டுக்குள்ளேயே இரண்டு டிஸ்க் உள்ள நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு டிஸ்க் போனால் மற்றது காக்கும், அவ்வளவுதான். ஒன்றில் அழித்தால் அந்த நொடியே மற்றதிலும் அழியும். தண்ணீர் வந்தால் பெட்டியோடு போகும். கல்யாண வீடியோ எடுக்கும் தொழில்காரர்களுக்கு அது தேவை. சாதாரண வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் முடிவு.

நம்மை எதிர்பார்க்காமல் தானாக வீட்டுக்கு வெளியே இருப்பது கிளவுடு மட்டுமே. கூகுளில் ஜிமெயில், படங்கள், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி இலவசம். ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் 5 ஜிபி. 500 ஜிபி படங்களை 20 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் ஏற்றினால், இரவு பகலாக இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் அங்கே ஏற்ற நினைக்காதீர்கள். சிங்க் என்பதும் பேக்கப் அல்ல. இங்கே அழித்தால் அங்கேயும் போகும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கவும் செய்யலாம்.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின்) குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிபி எந்த சிம்முக்கு வருகிறது என்று பாருங்கள். அந்த எண் காலாவதியானால், 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு தாத்தா பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்த காகிதத்தின் ஸ்கேன் கிளவுடில் பத்திரமாக இருந்தும் உங்களுக்கு எட்டாது.

என்னைக் கேட்டால், நம் ஊரில் அதிகம் பேர் கவனிக்காத நல்ல வழி சொந்தக்காரர் வீடு. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை உங்களிடமும் இன்னொன்றை லாஸ்பேட்டை, கோரிமேடு மாதிரி மேட்டுப்பகுதியில் இருக்கும் அத்தை வீட்டிலோ, இன்னும் நல்லதாகத் திருச்சியில் இருக்கும் தங்கை வீட்டிலோ வையுங்கள். ஒரே வெள்ளம் இரண்டு இடத்தையும் ஒருசேரப் பிடிப்பது அரிது. இதற்கு இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை 1846-இல் கலுவா மோம்பிரேன் கண்டெடுத்துப் பிரதி எடுத்தார். இன்னொரு பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. பிறகு சென்னை அரசும் ஒன்று எடுத்துக்கொண்டது. 1904-இல் தொடங்கி 12 தொகுதியாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அதுவே அடிப்படை. மூன்று ஊரில் மூன்று பிரதி. பீட்டர் குரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் சொன்ன 3-2-1 விதியும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில்.

இன்னொரு வீட்டுக்குப் போகும் டிஸ்க்கில் ஆதார், பேங்க் காகிதங்கள் இருக்கும். விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர், இல்லையென்றால் இலவச வெராகிரிப்ட் வைத்துப் பூட்டுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, நகைகளோடு வைத்து, வீட்டில் இன்னொருவரிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் ஏற்பாடு இது. பத்திரம், சான்றிதழ், ஒலிப்பதிவு, பொறுக்கியெடுத்த இருநூறு படங்கள் எல்லாம் சேர்த்து 6 ஜிபி, கிளவுடில். மற்றதெல்லாம் இரண்டு டிஸ்க்கில்; ஒன்று எங்களிடம், ஒன்று அத்தை வீட்டில். பொங்கலுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றுகிறோம். ஆயுத பூஜை என்றால் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற நாள்; வடகிழக்குப் பருவமழையும் அதையொட்டித்தான் வரும். மாற்றும்போது அத்தை வீட்டிலிருந்து வந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, பிடிஎஃப் ஒன்று, வீடியோ ஒன்று திறந்து பார்க்கிறேன். வீடியோவை ஆரம்பத்தில் மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், நடுவிலும் கடைசியிலும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் புதுப் பேக்கப்பைத் தொடங்குகிறேன்.