எத்தனை வீடுகள் தேவை? நாமே கணக்கெடுப்போம்

வீட்டுத் திட்டம் ஒன்று வரும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை வீடுகள் வேண்டும்?" என்பதே. இதற்கான விடை எம்மிடம் இல்லாவிட்டால், வேறொருவர் எழுதும் இலக்கமே முடிவாகிவிடும்.

கண்டிப் பகுதிக்கு இது புதிதல்ல. விக்டோரியா நீர்த்தேக்கத்தினால் 1980களில் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. மகாவலி 'சி' வலயத்திற்குச் சென்ற குடும்பங்களுக்கு 2.5 ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்புக் காணியும் வழங்கப்பட்டன. பிள்ளைகள் மணமுடித்தபின் அந்த அரை ஏக்கர் போதுமா என்பது பின்னர் எழுந்த கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளும் இம்மாவட்டத்தில் பலரை வீடிழக்கச் செய்தன.

கணக்கெடுப்பில் நாம் கவனிக்க வேண்டியவை:

1. கூரைகளை அல்ல, குடும்பங்களை எண்ணுவோம். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் அங்கே இரண்டு குடும்பங்கள். உறவினர் வீட்டில் தங்கியிருப்போரையும் சேர்ப்போம்.

2. நிலம் பாதுகாப்பானதா? மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கேட்டறிவோம்.

3. காணி யார் பெயரில்? உறுதியா, அனுமதிப்பத்திரமா, வெறும் வாய்ச்சொல்லா? விதவைகளின் நிலையைத் தனியாகக் குறிப்போம்.

4. வயல், தண்ணீர், பாடசாலை எவ்வளவு தூரம்? பிழைப்புக்கு எட்டாத வீடு பூட்டியே கிடக்கும்.

5. எவ்வளவு செலுத்த முடியும்? விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லை. தவணை அறுவடையோடு பொருந்த வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு கிராமத்தில் 40 வீடுகள், 56 குடும்பங்கள். அபாயச் சரிவில் 9 வீடுகள். வீடுகளை மட்டும் பார்ப்பவர் "9 வீடுகள் தேவை" என்பார். ஆனால் பாதுகாப்பான 31 வீடுகளில் வீட்டுக்கு ஒரு குடும்பமாக 31 குடும்பங்களே இருக்கலாம். மீதி 25 குடும்பங்களுக்கு வீடு தேவை. தவறாக எண்ணினால் 16 குடும்பங்கள் பட்டியலிலேயே இல்லை!

எல்லோருக்கும் புது வீடு தேவைப்படுவதில்லை. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தில், இருக்கும் வீட்டைத் திருத்தவும் சிறு கடன் கிடைத்தது. கூரை, மலசலகூடம், இன்னோர் அறை என்று பிரித்து எழுதினால், கிடைக்கும் பணம் பலருக்குப் பயன்படும்.

பட்டியலைக் கூட்டத்தில் உரக்க வாசித்து, விடுபட்டோரைச் சேர்ப்போம். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, மற்றதில் திகதியுடன் கையொப்பம் பெறுவோம்.

கலந்துரையாட:
• எமது கிராமத்தில் எந்தக் குடும்பம் இதுவரை எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை? ஏன்?
• இன்னும் இருபது வருடங்களில் எமது பிள்ளைகள் எங்கே வீடு கட்டுவார்கள்?